பின்னேரத் திடீர்க் காற்றைத் திருகோணமலைக்கென்று தனியாகச் சொல்ல முடியாதா?

சாம்பல்தீவு மகள்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அப்பா நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறார், இப்ப தம்பியும் கூடப் போகிறான். சின்ன பைபர் போட், இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைய வானிலை அறிக்கையை வாசித்து அவர்களுக்குச் சொல்வது என் வேலை. போன புரட்டாதியில் கிட்டத்தட்டப் பதினொரு நாள் ஒரே வசனம்தான் வந்தது: கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை, இடிமழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும். பத்து நாள் எங்கள் பக்கம் ஒரு துளி விழவில்லை. அப்பாவும் பத்து நாளும் போய் வந்தார். பதினோராம் நாள் ஐந்தரை மணிபோல மேற்கே கன்னியாப் பக்கம் இருண்டது, கால் மணித்தியாலத்துக்குள் தரையிலிருந்து கடலுக்கு அடித்த காற்றில் வலையை வெட்டி விட வேண்டியதாகிவிட்டது, எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது, தம்பிக்குக் கை முறிந்தது. இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு போட்காரர்தான் இழுத்து வந்து சேர்த்தார்.

அறிக்கை பிழை என்று நான் சொல்ல வரவில்லை. மழை வரும் என்றார்கள், வந்தது. ஆனால் பதினொரு நாளும் ஒரே வசனம் என்றால் எந்த நாள் போகாமல் இருப்பது? பதினொரு நாளும் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாதே.

இந்தியாவில் மாவட்டம் மாவட்டமாக, அடுத்த மூன்று மணித்தியாலத்துக்கு என்று சொல்கிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை? காரைக்காலில் பெரிய ராடார் இருக்கிறதாம், அதைப் பார்த்து நாங்களே தெரிந்துகொள்ளலாமா? புயல் வந்தால் டில்லியிலிருந்து முதலே சொல்லிவிடுகிறார்கள், இந்தச் சின்னக் காற்றை மட்டும் ஏன் ஒருவரும் சொல்வதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைமானி

பிள்ளை, முதலில் தம்பியின் கை எப்படி இருக்கிறது? சுகமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் அரச வேலையில் கனகாலம் மழையும் காற்றும் அளந்தவன், இப்போது ஓய்வு. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

புயலும் உங்கள் பின்னேரக் காற்றும் இரண்டு வேறு சாமான்கள். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம், நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைப் பிடிக்க உலகமே சேர்ந்து வேலை செய்கிறது. ஐரோப்பிய மையம், பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் என்று பெரிய நாடுகள் முழுப் பூமிக்கும் கணினி மாதிரிகளை ஓட்டுகின்றன. அவற்றை எடுத்து நம் பிராந்தியத்துக்கு விளக்கம் சொல்வது புதுடில்லியில் உள்ள பிராந்திய மையம். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் உருவாகும் புயலுக்குப் பெயர் வைப்பதும் 13 நாடுகளுக்கு ஆலோசனை அனுப்புவதும் அதுதான். அங்கிருந்து வருவதை வைத்துக் கொழும்பில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களம் நாட்டுக்கான எச்சரிக்கையை எழுதுகிறது. உலக மையம், பிராந்திய மையம், நாட்டுத் திணைக்களம் என்று மேலிருந்து கீழே இறங்கும் இந்த முறையை உலக வானிலை அமைப்பு 2006இல் தென்னாபிரிக்கப் பிராந்தியத்தில் தொடங்கியது. பிறகு வங்காள விரிகுடா நாடுகளுக்கும் வந்தது, இலங்கையும் அதில் இருக்கிறது. வசதி குறைந்த திணைக்களங்கள் தாங்களே பெரிய கணினி வாங்காமல் நாலைந்து நாள் முன்னே பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம்.

அது வேலை செய்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை ஏறியது ஞாபகம் இருக்கும். திருகோணமலைக்குக் கிட்டத்தான் வரும் என்று முந்தின நாளே தெரிந்திருந்தது. 1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அப்போது இப்படி ஒரு வசதியே இல்லை.

இனி உங்கள் காற்றுக்கு வருகிறேன். மத்தியானச் சூட்டில் உள்நாட்டுக் காட்டுக்கு மேலே முகில் எழும்புகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து காற்று வீசினால் அந்த முகில் பின்னேரம் நம் கரைக்கு நகரும். மழை கொட்டும்போது கூடவே குளிர்ந்த காற்றும் கீழே விழுந்து நிலத்தில் பட்டு நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னாலேயே திடீரென்று குளிராக முகத்தில் அடிப்பது அதுதான். ஒரு முகில் சில கிலோமீற்றர் அகலம், ஒரு மணித்தியாலத்துக்குள் பிறந்து செத்துவிடும். கணினி மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் பார்க்கும்; உலகத்தின் மிகச் சிறந்த மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய மாதிரியின் கட்டம் 9 கிலோமீற்றர். இந்தியா 2025இல் தொடங்கிய புதிய மாதிரி 6 கிலோமீற்றர். வலைக்கண் பெரிதென்றால் சின்ன மீன் தப்பிவிடும் என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள், உடனே விளங்கும். எந்த மாதிரியும் காலையில் எழும்பி "சாம்பல்தீவில் ஐந்தரைக்கு" என்று சொல்லாது. டில்லியும் சொல்லாது, வாஷிங்டனும் சொல்லாது. "சில இடங்களில்" என்ற வசனம் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய நேர்மையான வசனம்தான்.

ஆனால் மூன்று மணிக்கு முகில் எழும்பிய பிறகு சொல்லலாம். அதற்குத்தான் ராடார் வேண்டும். நமக்கு அதுதான் இல்லை.

தென்பகுதியில் கொங்கல மலையில் ஒன்று வைக்க முயன்றார்கள், அது இயங்கவே இல்லை. 2017இல் ஜப்பானின் நன்கொடையில் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு டொப்ளர் ராடார் (மழையோடு காற்றின் வேகத்தையும் காட்டுவது) அமைக்க ஒப்பந்தம் போட்டார்கள். வருடங்கள் இழுபட்டன. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் நாட்டில் இயங்கும் டொப்ளர் ராடார் ஒன்றும் இருக்கவில்லை. இந்தியா மூன்று மணித்தியால அறிவிப்புக் கொடுப்பதற்குக் காரணம் அங்கே உள்ளவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்பதல்ல, அவர்களுக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கொரு ராடார் படம் இருக்கிறது.

காரைக்கால் ராடாரைப் பற்றிக் கேட்டீர்கள். காரைக்காலிலிருந்து திருகோணமலை நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ராடாரின் கதிர் நேராகப் போகிறது, பூமி கீழே வளைந்துபோகிறது. அரைப் பாகை சாய்வில் விட்டால் நம் தலைக்கு மேலே வரும்போது அது 8 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பெரிய முகிலின் உச்சி மட்டும் தெரியும், காற்று பிறக்கும் அடிப்பக்கம் தெரியாது. இதே கணக்கில் புத்தளம் நமக்கு 165 கிலோமீற்றர், அங்கே ஒன்று இருந்தால் கதிர் நம் மேலே 3 கிலோமீற்றர் உயரத்தில் வரும். பொத்துவில் 200 கிலோமீற்றர், 4 கிலோமீற்றர் உயரம். அந்த இரண்டும் வேலை செய்தாலே நமக்குக் கண் திறந்த மாதிரி. என்னைக் கேட்டால் இந்தத் துறைமுகத்துக்கும் இவ்வளவு போட்டுகளுக்கும் சீனன்குடாப் பக்கம் ஒரு சின்ன ராடார் தனியாக வைக்க வேண்டும்.

கொட்டியாரக்குடா

மழைமானி ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ராடார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்று ஒரு மூதூர்க்காரனாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த வெள்ளம் எங்கள் வானத்திலிருந்து வரவில்லை. மகாவலி மலைநாட்டில் பிறந்து எங்கள் குடாவில்தான் விழுகிறது, வெருகல் பக்கமும் அதே ஆற்றின் ஒரு கிளைதான். டித்வாவின்போது மலைநாட்டில் கொட்டிய மழை இறங்கி வந்து மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது, சனத்தை ஹெலியில் ஏற்றி எடுக்க வேண்டி வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் போனார்கள், மலையில் மண்சரிவில் போனவர்கள்தான் கனக்க. இத்தனைக்கும் காற்றுக் கணக்கில் அது பெரிய சூறாவளி இல்லை. மணித்தியாலத்துக்கு 62 கிலோமீற்றர் தாண்டினால் பெயர் வைத்துவிடுவார்கள், ஆனால் அந்தப் பெயர் காற்றுக்கு மட்டும்தான், எவ்வளவு மழை கொட்டும் என்பது அதில் இல்லை. எங்கள் ஆட்கள் "சின்னப் புயல்தானே, புரெவி மாதிரிப் போயிடும்" என்று இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

என் ஆதங்கம் இதுதான். மலையில் எவ்வளவு மழை பெய்தது என்று ஒரு திணைக்களத்துக்குத் தெரியும். மன்னம்பிட்டியில் ஆறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இன்னொரு திணைக்களத்துக்குத் தெரியும். எந்த ஊரில் எத்தனை குடும்பம், யார் வீட்டில் நடக்க முடியாத வாப்பா உம்மா இருக்கிறார்கள் என்று கிராம சேவகருக்குத் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்து "ஈச்சிலம்பற்றில் ஆற்றங்கரையில் உள்ளவர்கள் இன்று இரவுக்குள் எழும்புங்கள்" என்று தமிழில் ஒரு வசனம் எழுத ஒருவரும் இல்லை. மலையில் பெய்த மழை மன்னம்பிட்டி தாண்டி எங்களிடம் வந்து சேர நேரம் எடுக்கும், அந்த நேரம் எங்களுக்குக் கிடைத்த கொடை. அதை வீணாக்குகிறோம். அந்த நாட்களில் எனக்குப் போனில் வந்த ஒரு செய்தி சிங்களத்தில் வந்தது, மகன் வாசித்துச் சொல்லும்போது முற்றத்தில் தண்ணீர்.

சாம்பல்தீவுத் தங்கச்சி, உங்கள் வாப்பாவுக்கு என் சலாம். எங்கள் பக்கமும் இப்படி எத்தனையோ பேர்.

ஓர்ஸ்ஹில் பொடியன்

நான் கொஞ்சம் மாறி நினைக்கிறேன். டில்லி மையம் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த திடீர் வெள்ள வழிகாட்டல் முறை 2020இல் வந்தது, ஆறு மணித்தியாலம் முன்னால் அபாயம் சொல்கிறது. சின்ன நாடு ஏன் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும்? அவர்களே நமக்கும் சேர்த்து மாவட்ட வாரியாகச் சொல்லட்டுமே. இருக்கிற காசை வீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போடலாம்.

மழைமானி

தம்பி, பாதி ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாள், ஐந்து நாள் தூரத்துக்கு நாம் தனியாக மினக்கெடத் தேவையில்லை, அதற்குத்தான் பிராந்திய மையம். ஆனால் அவர்களும் நம்மிடமிருந்து எடுத்துத்தான் திருப்பித் தருகிறார்கள். திருகோணமலை நிலையத்தில் ஒருவர் மழைமானியையும் அமுக்கமானியையும் வாசித்து அனுப்பினால்தான் உலக மாதிரிக்கு இந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று தெரியும். இங்கிருந்து தெற்கே அடுத்த பெரிய நிலையம் மட்டக்களப்பு, நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கு மேல். இடையில் மூதூர், வெருகல், வாகரை எல்லாம் இருக்கின்றன. அங்கே கொட்டியதைக் கொழும்பே அடுத்த நாள் காலை எட்டரை மணிக் கணக்கு வந்த பிறகுதான் அறியும் என்றால் டில்லிக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. இரவு பதினொரு மணிக்கு "இந்தக் கரையை வெறுமையாக்கு" என்று சொல்லும் பொறுப்பை வேறு நாட்டின் அலுவலர் ஒருவர் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. வடகீழ்க் காற்றோடு வரும் கொண்டல் மழை எப்படி ஏமாற்றும், தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில் எந்தப் பின்னேரம் மோசம் என்று இந்த ஊரில் பத்து வருடம் இருந்து பார்த்தவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் கன்னியாப் பக்கம் முகில் எழும்பும் விதத்தைப் பார்த்தே கரைக்குப் போன் போடச் சொல்வார். அவர் போன பிறகு அந்த அனுபவத்தை எழுதி வைக்க ஒருவரும் கேட்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். ராடார் வாங்கினால் அதை இருபத்துநாலு மணித்தியாலமும் பார்க்க ஆள் வேண்டும், பழுதானால் திருத்த ஆளும் உதிரிப்பாகமும் வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடை கிடைக்கும், இருபது வருடச் சம்பளத்துக்கு ஒருவரும் நன்கொடை தரமாட்டார்கள்.

கொட்டியாரக்குடாத் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. நான் கருவியோடு வாழ்ந்தவன், அதனால் கருவியைப் பற்றியே கூடப் பேசிவிட்டேன்.

குச்சவெளி வாடி

சாம்பல்தீவுத் தங்கச்சி, ராடார் வரும்வரை நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து பருவத்துக்கு வரும் ஆட்களும் எங்கள் கரையில் இருப்பார்கள், எல்லோருமாகச் சேர்ந்து செய்வதுதான்.

கரையில் ஒரு ஆள் கட்டாயம் இருக்கும். கடலில் இருப்பவன் போனைப் பார்க்கமாட்டான், அவனுக்கு வலை. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து கரையில் உள்ள ஆள் செய்மதிப் படத்தை இருபது நிமிடத்துக்கு ஒருக்காப் பார்க்க வேண்டும். ஹொரவப்பொத்தானை, கந்தளாய்ப் பக்கம் பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளை எழும்பி விளிம்பு கூராக இருந்தால் அது வளர்கிறது. ஓரம் நார் நாராகப் பிரிந்தால் சாகிறது. வளர்வது கிழக்கே நகர்ந்தால் உடனே போன் எடுத்து வா என்று சொல்லிவிடுவோம். பிழைத்துப் போனால் ஒரு நாள் எண்ணெய்க் காசு நட்டம், பரவாயில்லை.

போனில் பார்க்கும் விண்டி என்ற வானிலைச் செயலியில் காற்றின் நிறத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அது ஐயா சொன்ன அதே பெரிய கண் வலை, பின்னேர இடிக்காற்று அதில் வராது. எங்கள் பெடியள் நீலமாக இருக்கிறது என்று போய் அடிபட்டு வந்திருக்கிறார்கள்.

மழைமானி

குச்சவெளித் தம்பி, அருமையாகச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், இது உயிர்க் காரியம்.

பத்து நிமிடத்துக்கொரு தடவை வரும் ஜப்பானின் ஹிமாவரி படத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், அந்தச் செய்மதி நமக்கு மேலே இல்லை. கிழக்கே வெகு தூரத்தில், ஏறக்குறைய 141 பாகை நெடுங்கோட்டுக்கு மேலே நிற்கிறது. நாம் 81 பாகையில். அது நம்மைச் சரிவாகத்தான் பார்க்கிறது, அதனால் உயரமான முகிலின் உச்சி படத்தில் உண்மையான இடத்தைவிட மேற்கே தள்ளித் தெரியும். 12 கிலோமீற்றர் உயரமான இடிமுகில் என்றால் 25, 30 கிலோமீற்றர் தள்ளித் தெரியும். அதாவது படத்தில் முகில் கந்தளாய்க்கு மேலே நிற்கிற மாதிரி இருக்கும், உண்மையில் அது தம்பலகாமம் தாண்டியிருக்கும். நீங்கள் நினைப்பதைவிடக் கிட்ட இருக்கிறது. இந்தியாவின் இன்சாட் செய்மதிகள் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே நிற்பதால் அந்தப் படத்தில் இந்தப் பிழை மிகக் குறைவு, ஆனால் படம் அவ்வளவு அடிக்கடி வராது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேற்கிலிருந்து பார்க்கும் ஐரோப்பியச் செய்மதியின் படம் என்றால் தள்ளல் மற்றப் பக்கம் இருக்கும், ஆகவே யாருடைய படம் என்று முதலில் பாருங்கள்.

குச்சவெளி வாடி

ஐயா, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. படத்தில் தூரத்தில் இருக்கும்போதே காற்று வந்து அடித்த நாட்கள் இருக்கின்றன, படம் பிந்தி வருகிறது என்று நினைத்திருந்தோம். இன்றைக்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

சாம்பல்தீவு மகள்

எல்லோருக்கும் பெரிய நன்றி. தம்பியின் கை பொருந்திவிட்டது ஐயா, போன கிழமைதான் கட்டு அவிழ்த்தார்கள்.

மேலே உள்ள எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலைக்கண் கதைக்குத் தலையாட்டினார். ராடாரின் கதிர் எட்டுக் கிலோமீற்றர் மேலே போகிறது என்றதும் "அப்ப அவங்களைக் குறை சொல்லி என்ன, கண்ணே இல்லையே" என்றார். கொட்டியாரக்குடா நானா, உங்கள் சலாமையும் சொன்னேன், அவர் பழைய நாளில் மூதூர்க்கு லோஞ்சில் வந்த கதையெல்லாம் தொடங்கிவிட்டார்.

எங்கள் சங்கக் கூட்டம் வரும் ஞாயிறு. பள்ளிக்கூடம் முடிந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நான் கரையில் இருந்து படம் பார்க்கத் தயார், இரண்டிலிருந்து மூன்றுவரை வேறொருவரைக் கேட்கப் போகிறேன். பொத்துவில் ராடாரைப் பற்றியும் மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கலாம் என்று இருக்கிறேன். கொட்டியாரக்குடா நானா, மன்னம்பிட்டி அளவுகோலைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்க்கட்டுமா, அல்லது மூதூரிலிருந்து தனியாக அனுப்புவது நல்லதா?

மழைமானி ஐயா, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஒருக்கா வந்து அந்த இரண்டு செய்மதிப் படத்தையும் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவீர்களா? தம்பி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவான்.

மழைமானி

வருகிறேன் பிள்ளை. அப்பாவையும் இருக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எஞ்சின் நிற்கும் முன் காற்று எந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது, மழைக்கு எத்தனை நிமிடம் முன்னே வந்தது என்று அவரிடம் கேட்டு எழுத வேண்டும்.